கமிட்டி ஒரு ரேக் வாங்குகிறது

அவருக்குக் கமிட்டி என்று பேர் வைத்தது மனைவியின் தம்பி. ஒரே ஆள் ஐந்து ஆளாக உட்கார்ந்து, தனக்குத்தானே மறுப்புச் சொல்லி, தானே ஒத்திவைத்து, கடைசியில் டீயை மட்டும் குடித்துவிட்டுக் கலைந்துபோகிறவரை வேறு எப்படிக் கூப்பிடுவது என்று அவன் கேட்டான். பேர் ஒட்டிக்கொண்டது. பெற்ற மகளே காலையில் அம்மாவிடம், "கமிட்டி எழுந்தாச்சா?" என்று கேட்கும் அளவுக்கு. அவர் காதுபட யாரும் சொல்வதில்லை. காதில் விழுந்தாலும் பாராட்டு என்றுதான் எடுத்துக்கொள்வார் என்பது மனைவியின் கணிப்பு.

மேசை நாற்காலி செய்யும் தொழிற்சாலையில் கொள்முதல் பிரிவில் அவருக்கு வேலை. ஆணியோ பசையோ பஞ்சோ, எதை வாங்குவதாக இருந்தாலும் நாலு இடத்தில் விசாரித்து, மாதிரி வரவழைத்து, கிள்ளிப் பார்த்து, முகர்ந்து பார்த்து, அப்புறம்தான் கையெழுத்து. அங்கே அதற்குச் சம்பளம் கொடுத்தார்கள். சாயங்காலம் கிளம்பும்போது அந்தக் குணத்தை அங்கேயே மேசை டிராயரில் பூட்டிவிட்டு வந்திருக்கலாம். கூடவே கூட்டிக்கொண்டு வந்தார். மகள் பிறந்ததும் தொட்டில் வாங்க ஆரம்பித்தார்; தொட்டில் வீட்டுக்கு வந்தபோது அவள் சுவரைப் பிடித்து நடந்துகொண்டிருந்தாள். அதில் கொஞ்ச காலம் துவைத்த துணியைப் போட்டு வைத்தார்கள். வேன் வாங்கிய கதையும் அதேதான். நல்ல வண்டிகளை எல்லாம் மற்றவர்கள் வாங்கிக்கொண்டு போகும்வரை யோசித்தார். மிஞ்சியது பள்ளிக்கூடப் பிள்ளைகளை ஏற்றி ஓடிய பழைய வேன் ஒன்று. சீட்டெல்லாம் தரையோடு போல்ட் போட்டு இறுக்கியவை. மடங்காது, நகராது, கழற்றலாம் என்றால் போல்ட்டெல்லாம் துருப்பிடித்து இறுகிக் கிடந்தன. "உறுதியான வண்டி," என்றார்.

"கல்யாணத்துக்கு மட்டும் ஒரே நாள்ல சரின்னுட்டார்," என்பாள் மனைவி. "அன்னிக்கும் யோசிச்சு சொல்றேன்னு போயிருந்தா நான் தப்பிச்சிருப்பேன்."

அவள் ரத்தப் பரிசோதனை நிலையத்தில் ரத்தம் எடுப்பவள். தெருவில் ஊசிக்காரம்மா என்றால் தெரியும். காலையிலிருந்து மதியம்வரை கைகள், கைகள், கைகள். நீட்டிய கையை ஒரு விரலால் தடவிப் பார்ப்பாள். நரம்பு எங்கே ஓடுகிறது என்று விரல் சொல்லும். குத்துவாள். வந்தவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு பல்லைக் கடிப்பதற்குள் பஞ்சை வைத்து, "மடக்கிப் பிடிச்சுக்குங்க," என்று அடுத்தவரைக் கூப்பிட்டிருப்பாள். இப்படிப்பட்டவளைக் கமிட்டியோடு ஒரே வீட்டில் கட்டிப்போட்டது யார் செய்த வேலை என்று தெரியவில்லை.

நாற்பத்தைந்து வயதுக்கு மேல் அவள் சைக்கிள் கற்றுக்கொண்டாள். பரிசோதனை நிலையத்தில் கூட வேலை செய்யும் ஐந்தாறு பெண்கள் ஞாயிற்றுக்கிழமைகளில் சைக்கிள் ஓட்டினார்கள். திங்கட்கிழமை வந்து அதைப் பற்றியே பேசினார்கள். கேட்டுக் கேட்டு அவளுக்கும் ஆசை வந்தது. வேலை முடிந்ததும் கட்டடத்துக்குப் பின்னால் வண்டி நிறுத்தும் இடத்தில், கேஷியர் பெண் சீட்டைப் பிடித்துக்கொண்டு பின்னால் ஓட, இரண்டு முட்டியும் தேய்ந்து கற்றுக்கொண்டாள். ஒரு மத்தியானம் கடைக்குப் போய், காலைத் தூக்கிப் போடாமல் அப்படியே நுழைந்து உட்காரும்படியான, முன்னால் கூடை வைத்த நீல நிற சைக்கிள் ஒன்றை வாங்கி ஓட்டிக்கொண்டே வந்துவிட்டாள். கமிட்டிக்கு அது பெரிய அதிர்ச்சி. "யார்கிட்டயும் கேக்காமலா?" என்றார்.

அந்தப் பெண்கள் வருஷத்துக்கு ஒருமுறை ஊருக்கு வெளியே உள்ள பெரிய ஏரியைச் சுற்றி வருவார்கள். கரையை ஒட்டி மரநிழலில் ஒரு சாலை. காரும் லாரியும் அதில் விடுவதில்லை. மழைக்காலம் தொடங்கினால் சாலையை அடைத்துவிடுவார்கள். மறுபடி திறக்க மாதக்கணக்கில் ஆகும். அவ்வளவு தூரம் சைக்கிளிலேயே போக முடியாது. வண்டியில் ஏற்றிக்கொண்டு போய் அங்கே இறக்கி ஓட்ட வேண்டும். போன வருஷம் அவள் பேர் கொடுத்தாள். வேனுக்குள் இடமில்லை, சைக்கிளை வெளியே மாட்ட ஒரு ரேக் வேண்டும்; கமிட்டி அதை முடிவுசெய்யாததால் போகவில்லை. திங்கட்கிழமை எல்லாரும் ஏரிக்கரைப் படங்களைக் காட்டினார்கள். ஒவ்வொரு படத்தையும் பார்த்து நல்லா இருக்கு, நல்லா இருக்கு என்று சொன்னாள். கேஷியர் பெண் மட்டும், "உங்க வீட்டுக்காரர் இன்னும் ஆலோசனையிலதான் இருக்காரா அக்கா?" என்றாள். சிரித்துக்கொண்டுதான் கேட்டாள். ஆனாலும் அன்றைக்கு ஒருவர் கையில் இரண்டு தடவை குத்த வேண்டியதாகிவிட்டது. அவளுக்கு அது நடப்பதே இல்லை.

இந்த வருஷமும் பேர் கொடுத்தாள். வரும் ஞாயிறுதான் கடைசி ஞாயிறு, அதற்கு அப்புறம் சாலை அடைப்பு. எல்லார் முன்னாலும், "கட்டாயம் வர்றேன்," என்று வாயை விட்டிருந்தாள். இந்த முறையும் போகாவிட்டால், யாரும் அவளை இனிமேல் கூப்பிடவே மாட்டார்கள். கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பார்த்துவிட்டு, பாவம், அவளுக்கு வீட்டில் சரிப்படாது என்று விட்டுவிடுவார்கள். அந்தப் பாவத்தை நினைத்தாலே அவளுக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

கமிட்டி சும்மா இருந்துவிடவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். சும்மா இருந்திருந்தால் தேவலை. சைக்கிளை வேனில் ஏற்ற மூன்று வழி உண்டு என்று கண்டுபிடித்து, மூன்றையும் சாப்பாட்டு மேசையில் தினமும் பரிமாறினார். ஒன்று, கூரைமேல் ஏற்றுவது. வேனுக்குப் பக்கத்தில் நின்று இரண்டு கையையும் தூக்கிப் பார்த்தார்; கூரை இன்னும் மேலே இருந்தது. "காத்து எதிர்ப்பு ஜாஸ்தி," என்று அதைத் தள்ளினார். இன்னொன்று, வேனின் அடியில் இரும்புக் கொண்டி ஒன்றைப் பற்றவைத்து அதன்மேல் ரேக்கை உட்காரவைப்பது. பற்றவைப்பவனை நம்ப முடியாது என்று அதையும் தள்ளினார். மிஞ்சியது பின்கதவில் பட்டைகளால் இழுத்துக் கட்டும் ரேக். கதவின் மேல் விளிம்பிலும் பக்கவாட்டிலும் கீழேயும் கொக்கிகள் மாட்டி, பட்டையை இழுத்து இறுக்க வேண்டும். அதிலிருந்து இரண்டு கைகள் பின்னால் நீட்டிக்கொண்டிருக்கும். அந்தக் கைகளில் சைக்கிளைத் தொங்கவிட வேண்டும்.

இதை முடிவுசெய்ய அவர் ஊரில் உள்ள வண்டி நிறுத்துமிடங்களில் எல்லாம் திரிந்தார். ரேக் மாட்டிய வண்டி கண்ணில் பட்டால் போதும், பின்னால் போய்க் குந்திக்கொள்வார். ஒரு தடவை வண்டிக்காரர் வந்துவிட்டார்.

"சார், என் வண்டிக்கு அடியில என்ன தேடறீங்க?"

"உங்க கீழ்க்கொக்கி எங்க மாட்டியிருக்குன்னு பாக்கறேன்."

"பாத்தாச்சா?"

"பாத்துட்டேன். தப்பா மாட்டியிருக்கீங்க."

இதை வீட்டுக்கு வந்து பெருமையாகச் சொன்னார். ஊசிக்காரம்மா தட்டைக் கழுவிக்கொண்டே கேட்டாள்.

"அவர் சைக்கிளை ஏத்தி ஓட்டிக்கிட்டுதானே இருக்கார்?"

"அதிர்ஷ்டம்."

"எனக்கும் அந்த அதிர்ஷ்டம் வேணும்ங்க. ஞாயித்துக்கிழமைக்குள்ள."

"பாதுகாப்பு விஷயம் இது. ரோட்டுல சைக்கிள் கழண்டு பின்னால வர்றவன் மேல விழுந்தா நீ பதில் சொல்லுவியா?"

"மாட்டினாத்தானே கழண்டு விழும்."

ஒரு வழியாக வெள்ளிக்கிழமை சாயங்காலம், கல்லூரியிலிருந்து வந்த மகளைத் துணைக்கு அழைத்துக்கொண்டு, வண்டிச் சாமான் கடைக்குப் போய் ரேக்கை வாங்கி வந்தார். பெட்டியைக் கூடத்தின் நடுவில் வைத்து, யாரும் தொடக் கூடாது என்றார். யாரும் தொடவில்லை.

சனிக்கிழமை காலையில் அவர் எழுந்த வேகத்தைப் பார்த்தால் ஏதோ அணையைத் திறந்துவைக்கப் போகிறவர் மாதிரி இருந்தது. முதலில் வேனின் பின்கதவைக் கழுவினார். துடைத்தார். மறுபடி துடைத்தார். பெயின்ட்டில் கீறல் விழாமல் இருக்க, ரேக்கின் பஞ்சு சுற்றிய முனைகள் கதவில் படும் இடத்தில் எல்லாம் பனியன் துணியை வெட்டி ஒட்டினார். படம் போட்ட விளக்கத்தாளைப் பின்கண்ணாடியில் டேப் போட்டு ஒட்டி, ஒவ்வொரு படத்தையும் விரலால் தொட்டு வாய்விட்டு விளக்கினார். படத்தில் எழுத்தே கிடையாது.

கமிட்டி என்று பேர் வைத்த மச்சான் வந்து சேர்ந்தான். அவனுக்கு அன்றைக்கு விடுமுறை. வேடிக்கை பார்க்கவென்றே வந்தான். பக்கெட்டைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தான்.

"என்ன மாமா, ஏதாவது பிடிக்கணுமா?"

"நீ ஒன்னும் பிடிக்க வேணாம். வெளிச்சத்தை மறைக்காம உக்காரு."

"அக்கா, ஒரு டீ. கூட்டம் நீளும்போல இருக்கு."

கொக்கிகளை மாட்டினார், கழற்றினார், ஒரு விரல்கடை தள்ளி மாட்டினார். பட்டைகளை இழுத்தார். இழுத்து மிஞ்சிய வாலைச் சுருட்டி ரப்பர் போட்டார். ரேக்கின் கைகள் தரைக்குச் சமமாக நிற்கின்றனவா என்று மட்டக்கோல் வைத்துப் பார்த்தார். நம்பர் பிளேட் மறைகிறதா, பின்விளக்கு மறைகிறதா என்று தெருவில் பத்தடி போய் நின்று பார்த்தார், அப்புறம் இன்னும் பத்தடி. வெயில் ஏறிவிட்டது. அவள் சமையலை முடித்து, துணி காயப்போட்டு, வந்து நின்றாள். நாளைக்குப் போட்டுக்கொள்ள எடுத்துவைத்திருந்த பேன்ட்டும் தொப்பியும் உள்ளே நாற்காலியில் இருந்தன.

ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். ரேக் அசையவில்லை. மச்சான் எழுந்து, தன் முழு எடையையும் போட்டுத் தொங்கிப் பார்த்தான். வேன்தான் ஆடியது.

"கெட்டியாத்தான் இருக்கு மாமா," என்றான். கிண்டல் செய்ய ஒன்றும் கிடைக்காத வருத்தம் அவன் குரலில் இருந்தது.

கமிட்டி கையைத் துடைத்துக்கொண்டார். "இப்ப சைக்கிளைக் கொண்டா."

அவள் பின்பக்கம் போய், கொட்டகையிலிருந்து நீல சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்தாள். அவர் ஒரு பக்கம், மச்சான் ஒரு பக்கம் தூக்கினார்கள். ரேக்கின் கைகளுக்கு நேராகக் கொண்டுபோனார்கள். அங்கே போனதும் இரண்டு பேரும் நின்றுவிட்டார்கள்.

சைக்கிளின் சீட்டுக்கும் ஹேண்டில்பாருக்கும் நடுவில் குறுக்கே ஒரு கம்பி இருந்தால்தான் ரேக்கின் இரண்டு கைகளும் அதைத் தாங்கும். அவள் சைக்கிளில் அந்த இடத்தில் ஒன்றும் இல்லை. இருந்த ஒரே குழாய் ஹேண்டில்பாரிலிருந்து வளைந்து இறங்கி மிதிகட்டைக்குப் போய்விட்டது. அவளை மாதிரிக் காலைத் தூக்க முடியாதவர்கள் நுழைவதற்காகவே விட்ட வழி அது. ரேக்கின் கைகள் காற்றைப் பிடித்துக்கொண்டு நீட்டிக்கொண்டிருந்தன.

கமிட்டி சைக்கிளைப் பார்த்தார். கணக்கு எல்லாம் சரியாக இருக்கும்போது சைக்கிள் தவறாக வந்து நிற்பதுபோலப் பார்த்தார்.

"இதென்ன, இது இப்படி இருக்கு?"

"வாங்கின நாள்லேருந்து அப்படித்தாங்க இருக்கு."

"நடுக்கம்பி?"

"இல்லைங்க."

"எல்லாத்தையும் அளந்துதானே வாங்கினேன்."

மகள் வாசற்படியில் நின்று ஃபோனிலிருந்து தலையைத் தூக்கினாள். "கடைக்காரர் கேட்டாரேப்பா, நடுக்கம்பி இருக்கிற சைக்கிள்தானேன்னு. நீங்க ஆமான்னீங்க."

"ஆமா, இருக்கே."

"உங்களோடதுல இருக்குப்பா."

கமிட்டிக்கும் ஒரு சைக்கிள் உண்டு. தானும் ஓட்டப்போவதாகச் சொல்லி வாங்கிய கியர் சைக்கிள், கறுப்பு. நடைவழியில், அவருடைய மேசைக்குப் பக்கத்தில் சுவரோடு சாய்ந்து நின்றது. மாதம் ஒருமுறை செயினுக்கு எண்ணெய் விடுவார். ஓட்டியது எப்போது என்று அந்த வீட்டில் யாருக்கும் ஞாபகம் இல்லை. அவர் இத்தனை நாளும் அளந்தது அதை. கை எட்டும் தூரத்தில் இருந்தது, அளந்துவிட்டார். அவளுடைய சைக்கிளுக்காகத்தான் ரேக், அது கொட்டகையில் இருக்கிறது, பின்கதவைத் திறந்து முற்றத்தைத் தாண்டினால் பார்த்துவிடலாம். ஊரில் உள்ளவன் வண்டிக்கு அடியில் எல்லாம் குந்திப் பார்த்தவருக்கு அந்த முற்றத்தைத் தாண்டத் தோன்றவில்லை. வீட்டில் சைக்கிள் என்றால் அவருடைய சைக்கிள்.

அவள், நரம்பு அகப்படாத கையைப் பார்ப்பதுபோல அவரைப் பார்த்தாள். அப்படிப்பட்ட கைகளை அவள் திட்டுவதில்லை. வேறு இடம் தேடுவாள்.

கமிட்டி தோல்வியை ஒப்புக்கொள்ளவில்லை. வளைந்த குழாயிலேயே தொங்கவிட்டுப் பார்த்தார். சைக்கிள் மூக்கைக் கீழே குத்திக்கொண்டு தலைகீழாகச் சரிந்தது. மிதிகட்டை பின்கண்ணாடியை இடித்தது. முன்சக்கரம் புகைக்குழாய்க்கு நேராகப் போய் நின்றது. கயிறு கட்டலாம் என்றார். மச்சான், "டயர் வெந்துரும் மாமா," என்றான். உடனே கடைக்கு ஃபோன் போட்டார். இந்த மாதிரி சைக்கிளுக்கு என்றே ஒரு தனிக்கம்பி இருக்கிறதாம், சீட்டுத் தண்டுக்கும் ஹேண்டில்பாருக்கும் நடுவில் மாட்டிக்கொள்ளலாமாம். கையிருப்பில் இல்லையாம். சொல்லிவைத்தால் அடுத்த வாரம் கடைசியில் வருமாம். நேற்றுக் கேட்டபோதே சொல்லியிருந்தால் கடைக்காரரே வேறு ரேக் கொடுத்திருப்பாராம். இந்தக் கடைசி விஷயத்தை அவர் கொஞ்சம் மெதுவாகச் சொன்னார்.

"அதனால என்ன. கம்பியை வாங்கி வெச்சிக்குவோம். அடுத்த வருஷம் நிதானமா—"

"உங்க சைக்கிள் இதுல மாட்டுமா?" என்று கேட்டாள் அவள்.

கமிட்டியின் முகம் மலர்ந்தது. கேள்வி தன் பக்கம் வந்துவிட்டது. "என்னுது கச்சிதமா மாட்டும். காட்டவா?"

காட்டினார். கறுப்பு சைக்கிள் போய் ரேக்கின் கைகளில் அளவெடுத்துத் தைத்ததுபோல உட்கார்ந்தது. ரப்பர் பட்டையைப் போட்டு இறுக்கினார். ஆட்டிக் காட்டினார். "பாத்தியா. ரேக்குல ஒரு குறையும் கிடையாது."

"இல்லைங்க. இறக்குங்க அதை. பழகிக்கணும், நாளைக்கு நான் இதுலதான் போறேன்."

"இதுலயா? இது என் சைக்கிள்."

"ஆமாங்க."

"உன்னால ஏற முடியாது. நடுக்கம்பி இருக்கு."

அந்தக் கம்பியையும் அவளுடைய காலையும் சேர்த்து அவர் யோசித்தது அதுதான் முதல் தடவை. மச்சான் பக்கெட்டிலிருந்து எழுந்துபோய் ஸ்பேனரைக் கொண்டுவந்தான். "மாமா, இதுக்கு ஒன்னும் கூட்டம் போட வேணாம்," என்று சீட்டைக் கீழே இறக்கினான்.

மத்தியானம் முழுக்கத் தெருவில் அதுதான் வேலை. காலைத் தூக்கிப் போட்டால் முட்டி கம்பியில் இடித்தது. அப்புறம் நடைபாதை விளிம்புக்கல்லின்மேல் ஏறி நின்று, சைக்கிளைத் தன் பக்கமாகச் சாய்த்து, காலை மெதுவாகக் கம்பிக்கு அந்தப் பக்கம் கடத்தி, அப்புறம் நிமிர்த்திப் பார்த்தாள். ஏறிவிட்டாள். பத்தடி போய் எதிர்வீட்டுச் சுவரில் முழங்கையைத் தேய்த்துக்கொண்டு நின்றாள். மகள் பின்னால் ஓடினாள்.

"பாத்தும்மா, ரத்தம்."

"தெரியுது. நான் பாக்காத ரத்தமா."

கமிட்டி சுவர்ப் பக்கம் ஓடி வந்தார். குனிந்து ஹேண்டில்பாரின் முனையைத் தடவிப் பார்த்தார். "பெயின்ட் போயிருச்சு," என்றார். மகள் அப்பாவைப் பார்த்தாள், பிறகு தம்பியும் அக்காவும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். சில சமயம் ஒரு மனிதர் தன்னைப் பற்றித் தானே எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறார். ஊசிக்காரம்மா முழங்கையில் தண்ணீர் ஊற்றிக் கழுவிவிட்டு மறுபடி விளிம்புக்கல்லில் ஏறினாள். வெளிச்சம் போவதற்குள் தெருக்கோடிவரை போய்த் திரும்பி வந்துவிட்டாள். இறங்குவது மட்டும் சரியாக வரவில்லை. யாராவது பிடித்துக்கொள்ள வேண்டியிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை கமிட்டிதான் ஓட்டினார். வழியில் மூன்று நாலு இடத்தில் ஓரங்கட்டி, இறங்கிப் போய்ப் பட்டைகளை இழுத்துப் பார்த்துவிட்டு வந்தார். ஒவ்வொரு தடவையும் எதுவும் தளர்ந்திருக்கவில்லை. ஒவ்வொரு தடவையும் அதை அவளிடம் அறிவித்தார். அவள் பக்கத்தில் தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு, லேட்டாகிவிடுமோ என்ற ஒரே கவலையோடு, சாலையையே பார்த்துக்கொண்டு வந்தாள்.

ஏரிக்கரையில் மற்றவர்கள் காத்திருந்தார்கள். கேஷியர் பெண் ஓடிவந்து கையைப் பிடித்துக்கொண்டாள். "நிஜமாவே வந்துட்டீங்களா அக்கா. வர மாட்டீங்கன்னுல்ல நினைச்சேன். இது என்ன, வண்டி மாறிப்போச்சு?"

"வீட்டுக்காரரோடது. அவருக்கு இதுல ஏற நேரமில்ல."

கமிட்டி அதற்குள் கேஷியரின் கணவரைப் பிடித்துவிட்டார். மேல்கொக்கியில் ஆரம்பித்து, காற்று எதிர்ப்புக்கு வந்து, பற்றவைப்பவர்களின் நேர்மையின்மை பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். அந்த மனிதர் பாவம், நன்றாக வளர்க்கப்பட்டவர் போலிருக்கிறது, தலையாட்டிக்கொண்டிருந்தார். "பெண்கள் சைக்கிளுக்கு இது சரிப்படாது," என்று கமிட்டி சொல்வது அவள் காதில் விழுந்தது. "அதை நான் மொதல்லயே சொன்னேன்."

அவள் திரும்பிப் பார்க்கவில்லை. சாலை ஓரத்தில் உயரமாக ஒரு கல் இருந்தது. அதன்மேல் ஏறி, சைக்கிளைச் சாய்த்து, காலைக் கடத்தி, நிமிர்ந்தாள். கேஷியர் பெண் சீட்டைப் பிடிக்கக் கை நீட்டினாள். "வேணாம், விடு," என்றாள்.

சாலை நிழலாக இருந்தது. ஒரு பக்கம் தண்ணீர். முதலில் எல்லாருக்கும் பின்னால்தான் போனாள். கமிட்டி எண்ணெய் விட்டு எண்ணெய் விட்டு வைத்திருந்த செயின் சத்தமே போடவில்லை. ஒரு கியரை மாற்றிப் பார்த்தாள். சின்ன மேடு ஒன்று வந்தபோது, அவளுடைய கூடைச் சைக்கிளில் என்றால் இறங்கித் தள்ளியிருப்பாள், இதில் உட்கார்ந்தபடியே ஏறிவிட்டாள். நல்ல வண்டி. இதைச் சுவரோரம் சாய்த்து வைத்து வருஷக்கணக்கில் துடைத்துக்கொண்டிருந்திருக்கிறார் என்று நினைத்தபோது வந்த எரிச்சலில் இன்னும் வேகமாக மிதித்தாள். இரண்டு பேரைத் தாண்டினாள். முழங்கை எரிந்தது. தொடை நடுங்கியது. ஏரி முடியாமல் போய்க்கொண்டே இருந்தது.

சுற்றி வந்தபோது வண்டிகள் நிற்கும் இடம் தெரிந்தது. கமிட்டி யாரோ ஒருவருடைய காருக்குப் பின்னால் குந்திக்கொண்டிருந்தார். கேஷியரின் கணவர் தப்பித்துவிட்டார் போலிருக்கிறது. இது வேறு ஆள். அவளைப் பார்த்ததும் கமிட்டி எழுந்து, ஒரு கையை உயர்த்தி நிற்கச் சொன்னார். இன்னொரு கையால் வேனின் பின்கதவைக் காட்டினார். ஏற்ற நேரமாகும், பட்டைகளை ஒவ்வொன்றாக இறுக்க வேண்டும் என்கிறார் என்று அவளுக்குப் புரிந்தது. மற்றவர்கள் ஒவ்வொருவராக இறங்கித் தண்ணீர் குடிக்கப் போனார்கள்.

"அக்கா, சார் கூப்பிடறார்," என்றாள் கேஷியர் பெண்.

"பாத்தேன்," என்றாள்.

அவளுக்குத்தான் இன்னும் சரியாக இறங்கத் தெரியாது. கியரை ஒன்று கூட்டி, அவர் நின்ற இடத்தைத் தாண்டி, மறுபடியும் ஏரிப் பக்கம் திரும்பினாள்.